பெயரில் சுயேச்சை, விளம்பரத்தில் கட்டுப்பாடு: நேரடி விற்பனை ஆலோசகர்களின் இணைய விதிகள்

கடை வைக்காமல் ஆட்கள் மூலம் பொருளை விற்கும் நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் ஆலோசகராக, அதாவது விற்பனையாளராக, புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்தில் செய்கிற காரியங்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். ஸ்டார்ட்டர் கிட்டைப் பிரித்துப் பார்ப்பார். தெரிந்தவர்களின் பட்டியலை எழுதுவார். அடுத்து, பிராண்டின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து ஒரு ஃபேஸ்புக் பக்கம் திறப்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவரானால் டொமைன் ஒன்றை வாங்கி, கூகுளில் சின்னதாக விளம்பரமும் போட்டுவிடுவார். கொஞ்ச நாளில் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வரும்: பக்கத்தின் பெயரை மாற்றுங்கள், டொமைனை ஒப்படையுங்கள், விளம்பரத்தை நிறுத்துங்கள்.

“உங்களுக்கு நீங்களே முதலாளி” என்று சொல்லித்தானே சேர்த்தார்கள் என்று அவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் சேரும்போது படிக்காமல் டிக் அடித்த ஒப்பந்தத்தில் இந்த விதிகள் எல்லாம் வரிசையாக இருந்திருக்கும்.

விதிகளின் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; சாரம் பெரிதாக மாறுவதில்லை. டொமைனிலும் பக்கத்தின் பெயரிலும் பிராண்ட் பெயர் தனியாக வரக்கூடாது. எங்கே எழுதினாலும் ‘சுயேச்சை ஆலோசகர்’ என்ற அடைமொழி கூடவே இருக்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் நகல் தளத்தில்தான் இணைய விற்பனை நடக்க வேண்டும். அதாவது எல்லோருக்கும் ஒரே தளம். மேலே உள்ள பெயரும் படமும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஈபே, அமேசான் மாதிரியான சந்தைத் தளங்களில் கடை விரிக்கக்கூடாது. பிராண்ட் பெயரைக் கீவேர்டாக வைத்துத் தேடுபொறி விளம்பரம் போடக்கூடாது. தள்ளுபடி விலையைப் பொதுவில் அறிவிக்கக்கூடாது (மூடிய குரூப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று சில நிறுவனங்கள் விட்டுவைக்கும்). எவ்வளவு சம்பாதித்தேன், எந்த நோய் போயிற்று என்று எழுதக்கூடாது.

இத்தனை ‘கூடாது’களையும் ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை போலத் தோன்றும். உண்மையில் அவற்றின் பிறப்பு வேறு வேறு. சில விதிகள், சட்டம் நிறுவனத்தின் சட்டையைப் பிடிப்பதால் வந்தவை. சில, ஆலோசகர்கள் ஒருவர் பிழைப்பில் ஒருவர் மண்ணைப் போட்டுக்கொள்ளாமல் இருக்க வந்தவை. மிச்சம், ஆலோசகர்களோடு போட்டி போடும் நிறுவனம் தன் பங்கைக் காத்துக்கொள்ள எழுதியவை. மூன்றுக்கும் நிறுவனங்கள் சொல்கிற காரணம் ஒன்றே: “பிராண்டின் நற்பெயருக்காக.” எந்த விதி யாரைக் காக்கிறது என்பதை இந்த ஒற்றைக் காரணம் மறைத்துவிடுகிறது.

அடுத்தவர் வாய்க்கு யார் பொறுப்பு?

முதல் வகையில் சர்ச்சை குறைவு. ஆலோசகர் ஊழியர் இல்லை. ஆனால் அவர் சொல்லும் பொய்க்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்புகளின் நிலை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1979-இல் ஆம்வே வழக்கில் கொடுத்த தீர்ப்பை, ‘ஆம்வே பிரமிட் மோசடி (பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் மோசடி) இல்லை என்று சொன்ன தீர்ப்பு’ என்றே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பு, வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்வதை ஆம்வே நிறுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த உத்தரவை மீறிய விளம்பரங்களுக்காக 1986-இல் அந்த நிறுவனம் 1,00,000 டாலர் அபராதம் கட்டியது.

அப்போதெல்லாம் ஆலோசகரின் பேச்சு வரவேற்பறைக்குள் நடந்தது. பத்துப் பேர் கேட்டார்கள், கலைந்தார்கள், சாட்சி இல்லை. இன்று அதே பேச்சு பதிவாக நிற்கிறது, தேதியோடும் படத்தோடும். 2020 ஏப்ரலில் டிரேட் கமிஷன் 10 பல அடுக்கு விற்பனை நிறுவனங்களுக்கு (ஆலோசகர்கள் தாங்கள் சேர்த்த ஆட்களின் விற்பனையிலும் பங்கு பெறும் நிறுவனங்கள்) எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஜூனில் மேலும் 6 நிறுவனங்களுக்கு. கொரோனாவைத் தடுக்கும், குணமாக்கும் என்றும், வேலை இழந்தவர்கள் இதில் சேர்ந்து பெரிதாகச் சம்பாதிக்கலாம் என்றும் சமூக வலைத்தளங்களில் பரவிய பேச்சுகள்தான் காரணம். அவற்றில் பல, தனித்தனி விற்பனையாளர்கள் தங்கள் பக்கத்தில் போட்டவை. அவர்கள் சொல்வதற்கும் நீங்களே பொறுப்பு என்று கடிதங்கள் நிறுவனங்களுக்கு நினைவூட்டின. 2021 அக்டோபரில் 1,100-க்கும் அதிகமான நிறுவனங்களுக்கு இன்னொரு அறிவிப்பு போயிற்று. வருமானம் பற்றி ஏமாற்றும் வாக்குறுதி தந்தால் ஒவ்வொரு மீறலுக்கும் 43,792 டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம் என்றது அது.

நிறுவனத்தின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர், தினமும் பதிவு, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பொறுப்பு. ‘நாங்கள் அனுமதித்த படத்தையும் வாசகத்தையும் தவிர வேறு எதையும் போடாதே’ என்ற முரட்டு விதி பிறக்கும் இடம் அதுதான். விதி முரடு, ஆனால் பயம் பொய்யில்லை. இந்த வகை விதியை ஆலோசகரும் குறை சொல்ல முடியாது. பொருளை இலவசமாகவோ கழிவிலோ பெற்று, விற்றால் கமிஷன் வாங்குபவர் ‘இதை நான் ரொம்ப நாளாகப் பயன்படுத்துகிறேன், அருமை’ என்று எழுதும்போது அந்தத் தொடர்பைச் சொல்லியாக வேண்டும் என்பது டிரேட் கமிஷனின் பரிந்துரை விளம்பர வழிகாட்டிகளில் உள்ளது. 2009-இலும் 2023-இலும் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டிகளைப் பார்த்தால், ‘சுயேச்சை ஆலோசகர்’ என்று பெயரோடு எழுதச் சொல்லும் விதி ஆலோசகருக்கே கவசம் என்று புரியும்.

விலையைச் சொல்லாதே, விற்றுக்கொள்

விலை விஷயம் இவ்வளவு சுலபமில்லை. அதே 1979 தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: விற்பனையாளர்கள் எந்த விலைக்கு விற்க வேண்டும் என்று ஆம்வே கட்டிப்போட்டது விலை நிர்ணயக் குற்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911-இல் டாக்டர் மைல்ஸ் வழக்கில் வகுத்த நெறிப்படி, தயாரிப்பாளர் மறுவிற்பனை விலையை நிர்ணயிப்பது அப்போது விசாரணைக்கே இடமில்லாத தவறு. 2007-இல் லீஜின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றி, சந்தைக்கு நன்மையா தீமையா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டும் என்றது.

இடைப்பட்ட காலத்தில் நேரடி விற்பனைக்கு அப்பாலும் பல துறைகள் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்திருந்தன: விற்கும் விலையில் கை வைக்காதே, விளம்பரம் செய்யும் விலையில் கை வை. ‘உங்கள் பொருள், எந்த விலைக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், அந்த விலையை வெளியே எழுதாதீர்கள், அவ்வளவுதான்.’ பார்ட்டி வைத்து விற்ற காலத்தில் இந்தப் பிரிவினைக்கு அர்த்தம் இருந்தது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கேட்லாக்கில் ஒரு விலை, காதோடு காதாக ஒரு விலை. இணையத்தில் காது ஏது? பக்கத்தில் போட்ட விலைதான் விற்கும் விலை. எழுதக்கூடாது என்றால் இணையத்தில் குறைத்து விற்கக்கூடாது என்றுதான் பொருள். ஐரோப்பிய ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைப் பட்டவர்த்தனமாகவே சொல்லிவிட்டன: விளம்பர விலைக்குக் குறைந்தபட்ச வரம்பு வைப்பது மறுவிற்பனை விலையைச் சுற்றிவளைத்து நிர்ணயிப்பதே.

இருந்தாலும் இந்த விதிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதை எடுத்து வைப்பது ஆலோசகர்களேதான். ஒருவர் இரண்டு மணி நேரம் செலவழித்து, சாமானைத் தூக்கிக்கொண்டு போய், நிறம் பொருத்திக் காட்டி, சந்தேகம் தீர்த்துவிட்டு வருகிறார். வாடிக்கையாளர் அன்று இரவே இணையத்தில் தேடி, எவரோ ஒருவரிடம் பத்து சதவீதம் குறைவாக வாங்கிக்கொள்கிறார். ஏர் பிடித்தவர் ஒருவர், கதிர் அறுத்தவர் இன்னொருவர். பொருளாதார அறிஞர் லெஸ்டர் டெல்சர் 1960-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். விலை குறைப்பவர்கள் அடுத்தவரின் உழைப்பில் சவாரி செய்ய முடிந்தால், பொருளை விளக்கிக் காட்டும் சேவையை யாரும் செய்யமாட்டார்கள். அதனால் விலைக்கட்டுப்பாட்டைத் தயாரிப்பாளரே விரும்பக்கூடும். நேரடி விற்பனையில் விற்கப்படுவதே அந்த விளக்கம்தான் என்பதால் வாதம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஒரே வீட்டார் கேட்கும் ஏலம்

தேடுபொறி விளம்பரத் தடைதான் ஆலோசகர்களுக்கு அதிகம் புரியாத விதி. அதன் இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இடங்கள் ஏலத்தில் போகின்றன. ஒரு க்ளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவேன் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். வென்றவர், தனக்கு அடுத்த இடத்தில் இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவுக்கே கட்டணம் கொடுக்கிறார். எனவே நீங்கள் கட்டும் தொகையைத் தீர்மானிப்பது உங்கள் விருப்பத்தைவிட, உங்களுக்குக் கீழே நிற்பவரின் விருப்பம். பிராண்ட் பெயரைத் தேடுகிற வாடிக்கையாளருக்காக நிறுவனம் மட்டும் நின்றால் க்ளிக் மலிவு. அதே சொல்லுக்கு ஐந்நூறு ஆலோசகர்கள் கை தூக்கினால் விலை ஏறும். ஏறியது முழுதும் தேடுபொறி நிறுவனத்தின் பைக்குப் போகும். வாங்குபவர் எண்ணிக்கை ஒருவர்கூடக் கூடியிருக்காது. அவர் ஏற்கனவே அந்தப் பிராண்டைத்தானே தேடி வந்தார்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். 2005-இல் கூகுள், ஒரு தேடலுக்கு ஒரே தள முகவரியைக் காட்டும் விளம்பரங்களில் ஒன்றுக்குத்தான் இடம் என்று விதி கொண்டுவந்தது. நகல் தளங்கள் எல்லாம் ஒரே டொமைனுக்குக் கீழ் இருப்பவை. அப்படியானால் நிறுவனத்தின் விளம்பரமும் அதன் ஆலோசகர்களின் விளம்பரங்களும் ஒரே ஒரு நாற்காலிக்கு அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே ஏலத்துக்குப் போகாதே என்பதில் கூட்டு நன்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நன்மை யாருக்குப் போய்ச் சேர்கிறது? ஆலோசகர்கள் ஒதுங்கியபின் மலிவாகக் கிடைக்கும் அந்த க்ளிக், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய் இறங்குகிறது. அங்கே ‘உங்கள் ஆலோசகர் யார்?’ என்று கேட்டு, வட்டாரத்தில் இருக்கும் ஒருவருக்குக் கமிஷனை எழுதினால், தடை எல்லோருக்கும் பொதுவான வேலி. கேட்காமல் விற்று, லாபத்தைத் தானே வைத்துக்கொண்டால், வேலி ஒரு பக்கத்து வயலுக்கு மட்டும் போட்டதாகிவிடுகிறது. என் பார்வையில் இந்த விதிகளை அளக்க வேண்டிய இடம் இதுதான். தடை எவ்வளவு கடுமை என்பதைவிட, தடுத்த வழியில் நிறுவனம் தானே நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆலோசகர்களுக்கு இது தெரியாததில்லை. அழகுசாதனங்களை நேரடியாக விற்கும் ஏவான் நிறுவனம் 1997-இல் இணைய விற்பனை தொடங்கி, கேட்லாக்கில் தன் தள முகவரியை அச்சிட்டபோது, பிரதிநிதிகள் பலர் அதன் மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்தார்கள். நிறுவனம் கடைசியில் அந்த முகவரியை எடுத்துவிட்டது. விதிநூல் எதுவும் இல்லாமல், ஒரு துண்டுக் காகிதத்தால் ஆலோசகர்கள் நடத்திய விளம்பரக் கட்டுப்பாடு என்று அதைச் சொல்லலாம்.

சட்டம் எந்தப் பக்கம்?

பிராண்ட் பெயரைக் கீவேர்டாக வாங்குவதே வணிகக்குறி மீறல் என்று விதிநூல்கள் சில நேரம் மிரட்டும். அவ்வளவு எளிதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 மார்ச்சில் கூகுள் பிரான்ஸ் வழக்கில் சொன்னது: விளம்பரத்தைப் பார்க்கிற சாதாரண ஆள், இது பிராண்ட் உரிமையாளருடையதா வேறு எவருடையதா என்று சிரமமின்றிப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவில் ஆஸ்திரேலியன் கோல்டு என்ற நிறுவனம், தன் சருமப் பூச்சுகளை அனுமதியின்றி இணையத்தில் விற்றவர்கள்மேல் வழக்குப் போட்டு 2006-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அவர்கள் அந்தப் பெயர்களைத் தளத்தின் மெட்டா குறிச்சொற்களில் (தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்துக்குள் மறைவாக எழுதும் சொற்கள்) புதைத்ததும், தேடலில் முந்தக் காசு கொடுத்ததும் எதிராகப் போயின. பெயரைச் சொன்னதுகூட அல்ல, அந்தப் பெயரைக் காட்டி வாடிக்கையாளரை இழுத்துவந்து வேறு சரக்கையும் காட்டியதுதான் உறுத்தியது. ஒரு ஆலோசகர் உண்மையான பொருளைத்தான் விற்கிறார், தான் யார் என்றும் சொல்லிவிடுகிறார் என்றால், வணிகக்குறிச் சட்டத்தை மட்டும் வைத்து அவரைத் தடுப்பது கடினம். அவரைத் தடுப்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்துக்கும் எல்லை உண்டு. கெஸ் என்ற ஆடை நிறுவனம், தன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கள் கெஸ் பெயரைத் தேடுபொறி விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. தன் சொந்த இணையக் கடைக்கு மக்களைத் திருப்புவதும், தன் விளம்பரச் செலவைக் குறைப்பதும் நோக்கம். ஐரோப்பிய ஆணையம் 2018 டிசம்பரில் ஏறக்குறைய 4 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, பிற மீறல்களோடு இந்தத் தடையையும் குற்றமாக எண்ணியது. 2022 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஐரோப்பிய ஒழுங்குமுறை, ஒரு இணைய விளம்பர வழியை அடியோடு அடைப்பதைக் கடும் கட்டுப்பாடுகளின் வரிசையில் வைத்துவிட்டது. பொருளைத் தன் காசில் வாங்கி, தன் பொறுப்பில் விற்கும் ஆலோசகருக்கு இது பிடிமானம். நிறுவனத்தின் முகவராக ஆர்டர் மட்டும் பிடித்துக் கொடுப்பவருக்கு அதே பாதுகாப்பு இருக்காது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவில், காற்று வேறு. கண் வில்லை விற்கும் 1-800 காண்டாக்ட்ஸ், ஒருவர் பெயரில் மற்றவர் விளம்பரம் போடுவதில்லை என்று போட்டியாளர்களோடு செய்த ஒப்பந்தங்களை டிரேட் கமிஷன் 2018-இல் தவறு என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் கமிஷனின் முடிவை ரத்து செய்தது.

சந்தைத் தளங்கள் விஷயத்தில் ஒப்பந்தத்தின் ஓட்டை இன்னும் பெரிது. ஒப்பந்தம் கையெழுத்திட்டவரைத்தான் கட்டும். அவரிடம் வாங்கி மறுபடி விற்பவரைக் கட்டாது. இந்தியாவில் 2016-இன் நேரடி விற்பனை வழிகாட்டுதல்கள், நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மின்வணிகத் தளங்களில் விற்கக்கூடாது என்றன. அதை வைத்து ஆம்வே உள்ளிட்ட நிறுவனங்கள் 2019-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் அந்தத் தளங்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றன. 2020 ஜனவரி 31 அன்று இரு நீதிபதி அமர்வு அதை நீக்கியது. வழிகாட்டுதல் சட்டமாகாது, தளத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தமும் இல்லை என்றது அமர்வு.

மொத்தத்தில் கட்டுக்குள் நிற்பவர் ஆலோசகர் ஒருவரே. வெளியாள் விற்கிறார், தளம் விற்கிறது, நிறுவனமும் விற்கிறது.

‘சுயேச்சை’ என்ற சொல்லுக்கு இவ்வளவுதானா அர்த்தம் என்று கேட்டால், சட்டம் அந்தச் சொல்லை வேறு வேலைக்கு வைத்திருக்கிறது என்பதே பதில். அமெரிக்க வரிச் சட்டத்தில் 1982-இல் சேர்ந்த 3508-ஆம் பிரிவு, நேரடி விற்பனையாளர் ஊழியர் ஆகமாட்டார் என்கிறது. நிரந்தரக் கடை அல்லாத இடத்தில் விற்க வேண்டும். வருமானம் வேலை நேரத்தைப் பொறுத்து இல்லாமல் விற்பனையைப் பொறுத்து இருக்க வேண்டும். ஊழியர் இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். கேள்விகள் இவ்வளவே. விளம்பரத்தை யார் தீர்மானிக்கிறார் என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. செலவு யாருடையது என்பதில் ஆலோசகர் சுயேச்சை. பேச்சு யாருடையது என்பதில் அந்தச் சொல் வாய் திறக்காது.

நிறுவனம் அனுமதித்தாலும் மேடை அனுமதிக்க வேண்டும் என்பது சமீப ஆண்டுகளின் சேர்க்கை. குறைந்த முதலீட்டில் விரைவான வருமானம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களை, பல அடுக்கு விற்பனை வாய்ப்புகள் உட்பட, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் விளம்பரக் கொள்கையில் தடுக்கிறது. டிக்டாக் 2020 டிசம்பரில் பல அடுக்கு விற்பனையை ஊக்குவிக்கும் பதிவுகளையே தன் சமூக விதிகளில் விலக்கியது. பொருளை விற்பதும் ஆள் சேர்ப்பதும் ஒரே பதிவில் கலந்து கிடந்தால், மேடை பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காது. லிப்ஸ்டிக் படத்துக்குக் கீழே ‘டீமில் சேர விரும்பினால் இன்பாக்ஸ் வாருங்கள்’ என்று ஒரு வரி இருந்தால், மொத்தப் பதிவும் மாட்டக்கூடும்.

ஒப்பந்தத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சேர்வதற்கான பக்கங்களைப் படிக்கிறார்கள்; விலகுவதற்கான பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். விளம்பர விதிகளின் உண்மையான எடை அங்கேதான் இருக்கிறது. பிராண்ட் பெயர் கலந்த டொமைனை விலகும்போது ஒப்படைக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. நகல் தளம் அன்றே அணைந்துவிடும். வருடக்கணக்காகப் பகிர்ந்த லிங்க் எல்லாம் வேறு இடத்துக்கு, சில நேரம் நிறுவனத்தின் முகப்புக்கே, திரும்பும். வாடிக்கையாளர் பட்டியல் நிறுவனத்தின் ரகசியச் சொத்து என்று ஒரு வரி இருக்கலாம். தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் குரலில் குரூப் நடத்தியவரிடம் மட்டும், விலகிய மறுநாளும் அந்தக் குரூப்பில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். பிராண்ட் பெயரைப் பக்கத்தில் போடாதே என்று வந்த அந்த முதல் மின்னஞ்சல் அன்று எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். பெயரை மாற்றியவருக்கு அது நிறுவனமே அறியாமல் செய்த உபகாரம்.